இடிக்கிற வீட்டில் என்ன மிச்சம்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பழைய தேக்குக் கதவு ஒன்றைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. மொட்டை மாடி ஒழுகல், குழாய்க் கசிவு என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்துச் சமாளியுங்கள்.

கேள்வி: அப்பா 1958ல் கட்டிய வீடு. அக்கா, நான், தம்பி மூன்று பேரும் சேர்ந்து ஜாயின்ட் வென்ச்சருக்கு, அதாவது புரமோட்டர் இடித்து ஃபிளாட் கட்டி எங்களுக்குப் பங்கு தருகிற ஏற்பாட்டுக்குக் கொடுக்கிறோம். "இடிக்கிற செலவு எங்களுடையது, இடித்த சாமான் எங்களுக்கு" என்கிறார் புரமோட்டர். தம்பிக்கு இது நல்ல பேரமாகத் தெரிகிறது, எனக்கு மனசு ஒப்பவில்லை. – வாசகி, மேற்கு மாம்பலம்

உங்கள் மனசு சரியாகத்தான் சொல்கிறது அம்மா. சென்னையில் அந்தக் காலத்து வீட்டை இடிக்க வருகிற ஆள் வீட்டுக்காரரிடம் பணம் கேட்க மாட்டார், அவர்தான் கொடுப்பார். உள்ளே இருக்கும் மரத்தையும் இரும்பையும் கல்லையும் ஒரு பார்வையில் கணக்குப் போட்டு, ஆள்கூலி லாரி வாடகையைக் கழித்து, மிச்சத்துக்கு ஒரு தொகை சொல்வார். வெறும் கான்கிரீட்டும் சிமென்ட் பூச்சும் உள்ள வீடாக இருந்தால்தான் நாம் கைக்காசு கொடுக்க வேண்டியிருக்கும். ஆக, உங்கள் வீட்டைப் பொறுத்தவரை "இடிக்கிற செலவு எங்களுடையது" என்பது பெரும்பாலும் இல்லாத செலவு.

ஒரு நாள் சாயங்காலம் நோட்டும் டேப்பும் எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று வாருங்கள். முதலில் மேலே பாருங்கள். மரச் சட்டங்கள் வரிசையாக ஓடி, அதன்மேல் சின்னச் சின்னச் செங்கல் குத்தாக, மூலைவாட்டமாக அடுக்கியிருந்தால் அது மெட்ராஸ் டெரஸ். அந்தச் செங்கல்லுக்கு அச்சுக்கல் என்று பெயர், அதைச் சுண்ணாம்பில் வைத்திருப்பார்கள், பதமாகத் தட்டினால் முழுசாகவே வரும். சட்டங்கள் தேக்காக இருந்தால், பத்துப் பன்னிரண்டு அடி நீளத்தில் அறுபது வருஷத்துக்கு மேல் வீட்டுக்குள்ளேயே காய்ந்த மரம். இன்றைக்கு மரக்கடையில் போய் அந்தத் தரம் கேட்டால் சிரிப்பார்கள். அப்புறம் நிலை, கதவு, பித்தளைத் தாழ்ப்பாள், கம்பி வைத்த ஜன்னல், சமையலறையின் கடப்பாக் கல் அலமாரி, பின்கட்டில் துவைக்கிற கல். காவித் தரை வராது, அங்கேயே தேய்த்த மொசைக்கும் வராது, அதை நினைத்து ஏங்க வேண்டாம். கார் ஷெட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருந்தால் அதை மட்டும் உடைக்க விடாதீர்கள். நனைத்து, முழுசாக இறக்கி, தனியாகக் கட்டி அனுப்ப வேண்டிய சமாச்சாரம் அது, தூசு நுரையீரலுக்கு ஆகாது. யாருக்கும் இனாமாகவும் கொடுக்காதீர்கள்.

பட்டியல் எடுத்த பிறகு ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: பொக்லைன் வருவதற்கு முன்னால் கையால் பிரித்தெடுக்க இத்தனை நாள், அதில் வருவது வீட்டுக்காரர்களுக்கு. பதினைந்து நாள் கேளுங்கள், பத்துக்கு இறங்குவார். நாள் குறித்து எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதை நானே பார்த்திருக்கிறேன். என் அத்தை வீட்டில் கதவு ஜன்னல் எல்லாம் எங்களுக்கு என்று வாய்ப்பேச்சாகத்தான் முடித்திருந்தோம். சனிக்கிழமை சாவியைக் கொடுத்தோம். திங்கள் காலை டெம்போ பிடித்துக்கொண்டு போனால் வீட்டுக்குப் பதில் ஒரு மேடு, அதன் உச்சியில் ஊஞ்சல் மாட்டுகிற இரும்புக் கொக்கி மட்டும் உத்திரத்தின் உடைந்த துண்டோடு நீட்டிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டி வாடகை மலிவாகக் கிடைத்ததாம்.

இன்னொன்று, பிரித்த கதவைப் புது ஃபிளாட்டிலேயே போடலாம், ஆனால் அதை இப்போதே சொல்ல வேண்டும். அந்தக் காலத்து நிலையின் அளவும் இன்றைய பிளானில் உள்ள வாசல் அளவும் ஒத்துப்போகாது. சுவர் எழுப்பிய பிறகு சொன்னால் கதவைத்தான் அறுப்பார்கள். தலைவாசல் கதவு மூன்று பேரில் யாருக்கு என்பதையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். அதில் நான் தலையிட மாட்டேன்.

கேள்வி: பழைய செங்கல்லை வைத்து காம்பவுண்டு சுவர் கட்டலாம் என்றால் கொத்தனார் "அதெல்லாம் வேலைக்கு ஆகாது சார்" என்கிறார். உண்மையா? – வாசகர், திருவள்ளூர்

எந்தக் காலத்துச் சுவர் என்று அவரிடம் கேட்டீர்களா? சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரென்றால், காரை செங்கல்லைவிட மெத்து, கரண்டியின் பின்பக்கத்தால் ரெண்டு தட்டு தட்டினால் உதிர்ந்துவிடும், கல் சுத்தமாகக் கையில் வரும். சிமென்டில் கட்டியதென்றால் காரைதான் கெட்டி, பிரிக்கப் போனால் கல்தான் உடையும். உங்கள் கொத்தனார் சிமென்ட் காலத்து ஆளாக இருப்பார், அவர் அனுபவத்துக்கு அவர் சொல்வது சரி.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் இல்லை. டென்மார்க்கில், கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் பழைய கட்டடங்களை இடித்தபோது இதே தொந்தரவுதான். சிமென்ட் காரை, கல் தனியாக வரவில்லை. லெண்டேயர் என்ற கட்டடக்கலை நிறுவனத்தார் என்ன செய்தார்கள் என்றால், கல்லைப் பிரிக்கிற எண்ணத்தையே விட்டுவிட்டு, சுவரை ரம்பம் போட்டுச் சதுரம் சதுரமாக, மைசூர்பாகு வெட்டுகிற மாதிரி வெட்டி எடுத்து, ரிசோர்ஸ் ரோஸ் என்ற புதுக் குடியிருப்பின் முகப்பில் பதித்துவிட்டார்கள். 2019ல் முடிந்தது. பல கட்டடங்களின் செங்கல் ஒரே சுவரில் ஒட்டுப்போட்ட ஜமுக்காளம் மாதிரி இருக்கும், எனக்கு அந்த அழகு பிடிக்கும், எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். நம் ஊரில் அப்படி வெட்ட ஆகிற செலவுக்குப் புதுச் சுவரே கட்டிவிடலாம், அது வேறு.

உங்களுக்கு வேண்டியது இதுதான்: இரண்டு கல்லை ஒன்றோடு ஒன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மூணு நாலு அடி உயரத்திலிருந்து மண் தரையில் போட்டால் உடையக் கூடாது. காய்ந்த கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு மறுபடி எடை போடுங்கள். மூன்று கிலோ கல் 3.6 கிலோவைத் தாண்டினால், அதாவது 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடித்தால், அந்த லோடை விட்டுவிடுங்கள். உப்புப் பூத்த கல்லையும் எடுக்காதீர்கள், எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் உரிந்துகொண்டே இருக்கும்.

உடைந்த கல்லும் வீண் இல்லை. ஒரு காலத்தில் அதைச் செங்கல் ஜல்லியாக்கி, சுண்ணாம்போடு சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மொட்டை மாடியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டுவார்கள். அந்தச் சத்தம் தெருமுனை வரை கேட்கும். இன்னும் நுணுக்கிப் பொடியாக்கினால் சுர்க்கி. 1895ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கட்டுமானம்தான்.

கேள்வி: பழைய வீட்டு மரம் புது வீட்டுக்கு ஆகாது என்று வாஸ்து சொல்கிறதே. வீணாக ஊரைக் கெடுக்காதீர்கள். – வாசகர், திருச்சி

திட்டுக்கு நன்றி. சாஸ்திரம் பேசும் தகுதி எனக்கு இல்லை, ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரிலிருந்து கிளம்பித் தஞ்சாவூர் ஜில்லாவைச் சுற்றினால், பழைய கோயிலைப் பிரித்து, மாற்றிக் கட்டாத ஊர் எத்தனை? திருக்கோடிகாவலில் சோழ அரசி செம்பியன் மாதேவி பழைய கோயிலைக் கற்றளியாக, அதாவது கல் கோயிலாக எடுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் திரும்ப வெட்டச் செய்து, "இதுவும் ஒரு பழங்கற்படி", அதாவது பழைய கல்லில் இருந்ததன் நகல், என்று பக்கத்திலேயே குறித்தும் வைத்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், பிரிப்பதற்கு முன் என்ன இருந்தது என்று பதிவு செய்கிற ஒழுங்கு நம்மிடம் இருந்தது. இன்றைக்கு நெதர்லாந்தில் கட்டடத்துக்குப் பாஸ்போர்ட் என்று பெயர் வைத்து, எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று கணினியில் ஏற்றுகிறார்கள்.

சரி, கோயில் வேண்டாம், கோட்டையைப் பாருங்கள். சென்னைக் கோட்டையில் இருந்த கருங்கல் தூண்களை 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் நகரத்தைப் பிடித்தபோது பெயர்த்துப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கைக்கு வந்ததும் அதே தூண்கள் திரும்பக் கோட்டைக்கு வந்தன. போகவர இரண்டு தடவை கடலோரம் பயணம் செய்த தூணுக்கு எந்தத் தோஷமும் ஒட்டவில்லை.

வாஸ்து பார்க்கிறவர்களே விட்ட மரத்தைத்தான் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் வெளியூர்க்காரர்களும் ஹோட்டல்காரர்களும் அள்ளிக்கொண்டு போகிறார்கள். செட்டிநாட்டு வீடு ஒன்று துண்டு துண்டாக விலை போவது எனக்கு ஒன்றும் சந்தோஷமான காட்சி இல்லை. பார்க்கப் போனால் வீட்டை வீடாகவே பெயர்த்து நட்டது 1996ல் சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகம்தான். கேரளத்திலிருந்து வந்த மர வீட்டை ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஆணியில்லாமல் கோத்த சட்டங்கள், அதனால்தான் பிரிக்கவும் முடிந்தது, பூட்டவும் முடிந்தது. மரத்துக்கு நான் பார்க்கிற ஒரே வாஸ்து, கரையான் இருக்கிறதா என்பது.

கேள்வி: இடிபாட்டை அரைத்து எடுத்த ஜல்லியில் வீடு கட்டலாமா? விலை குறைவு என்று ஒருவர் சொன்னார். – வாசகர், ஆவடி

வீடு முழுக்க என்றால், கூடாது. கான்கிரீட்டில் போடும் ஜல்லி, மணலுக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐஎஸ் 383, 2016ல் திருத்தியபோது இதற்கு இடம் கொடுத்தது: கான்கிரீட்டை உடைத்து எடுத்த ஜல்லி என்றால், கம்பி கட்டிய கான்கிரீட்டில் எம்25 என்கிற வலிமைத் தரம் வரை 20 சதவீதம், கம்பி இல்லாததில் 25 சதவீதம், தரைக்கு அடியில் போடுகிற, சிமென்ட் குறைந்த லீன் கான்கிரீட்டில் முழுக்க முழுக்க. காரணம் எளிது. அரைத்த ஜல்லியின் மேல் பழைய சிமென்ட் காரை ஒட்டிக்கொண்டிருக்கும், அது தண்ணீரை உறிஞ்சும், கலவையில் நீங்கள் அளந்து ஊற்றிய தண்ணீர் கணக்கு தப்பிப்போகும். ஜல்லியை முன்கூட்டியே நனைத்து வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம், ஆனால் உங்கள் சைட்டில் அதை யார் நின்று பார்ப்பார்கள்?

ஆனால் தளக்கல், நடைபாதை ஓரக்கல், பேவர் பிளாக், அஸ்திவாரத்தின் அடியில் போடும் பிசிசி என்கிற கம்பியில்லாத கான்கிரீட், இதற்கெல்லாம் தாராளமாகப் போகலாம். தில்லி புராரியில் 2009-10 வாக்கிலேயே இதற்கு ஆலை வந்துவிட்டது, நாட்டில் முதல் ஆலை அது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் நடக்கிறது. 2016ல் மத்திய அரசு போட்ட விதியில், ஒரு நாளில் 20 டன்னுக்கு மேலோ, ஒரு வேலையில் மாதம் 300 டன்னுக்கு மேலோ இடிபாடு வந்தால் கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-காரை என்று நாலாகப் பிரித்துத் தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். 20 டன் என்பது சுமார் இரண்டு டிப்பர் லோடு, ஒரு சாதாரண வீட்டைப் பொக்லைன் வைத்து இடித்தாலே அரை நாளில் வந்துவிடும். எத்தனை பேர் பிரித்துப் போடுகிறார்கள் என்பதற்கு உங்கள் ஏரிக்கரையை ஒரு நடை போய்ப் பாருங்கள். 2025ல் வந்த புது விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை, 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டுகிறவர்களே மறுசுழற்சிக்கும் பொறுப்பு என்கின்றன. பெரிய ஆட்களுக்குச் சரி. நம்ம தெருவில் இடிபடுவது எல்லாம் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு.

மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொடுத்தால் டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்கள். ஜிப்சம், மண், ஓட்டுத் துண்டு கலந்திருந்தால் பேவர் பிளாக்குக்குக்கூட ஆகாது.

கேள்வி: ரோடு போட்டுப் போட்டு என் வீடு பள்ளமாகிவிட்டது. இதுவும் உங்கள் சப்ஜெக்ட்தானா? – வாசகர், மடிப்பாக்கம்

இதுதான் என் சப்ஜெக்ட்! எங்கள் வீட்டில் 1991ல் வாசலுக்கு மூன்று படி ஏறிப் போவோம். இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். மழை நாளில் செருப்பு கூடத்துக்கு மிதந்து வரும்.

பழைய தார் ரோட்டில் இருப்பதும் ஜல்லியும் தாரும்தான். அதன்மேலேயே அடுத்த அடுக்கைக் கொட்டுவதற்குப் பதில், மில்லிங் மெஷின் வைத்து மேல்தளத்தைச் சுரண்டி எடுத்து, அதே கனத்துக்குப் புதுசு போட்டால் ரோடு உயராது. சுரண்டியதை ஹாட் மிக்ஸ் பிளான்ட் என்கிற தார்க் கலவை ஆலையில் புது ஜல்லியோடு குறிப்பிட்ட அளவு கலந்து திரும்பவும் ரோட்டுக்கே போடலாம், அதற்கு இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிமுறையே, ஐஆர்சி 120, 2015லிருந்து இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021ல் தலைமைச் செயலாளரே சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். பெரிய ரோடுகளில் நடப்பதைப் பார்க்கிறேன். உட்தெருவுக்கு மெஷின் வருவதில்லை, வந்தாலும் பேருக்கு நாலு கோடு கிழித்துவிட்டுப் போவதும் உண்டு. உங்கள் தெருவில் வேலை தொடங்கும் அன்று காலையில் வாசல்படிக்கும் ரோட்டுக்கும் உள்ள உயரத்தை டேப் வைத்துக் காட்டி ஒரு போட்டோ எடுங்கள், முடிந்த அன்று இன்னொன்று. புகாரோடு அந்த இரண்டையும் வையுங்கள். வாய்ச் சண்டையைவிட அது நன்றாகப் பேசும்.

வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குவது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஹரியானாவிலிருந்து வரும் குழுக்கள் சென்னையில் நிறையவே செய்கிறார்கள். இடிக்காமல் இருக்கிற வீட்டையே வைத்துக்கொள்வது என்ற வகையில் எனக்கு அது பிடித்த வேலை. ஆனால் ஆபத்தான வேலையும்கூட, விபத்தும் நடந்திருக்கிறது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் உள்ளே வந்து பார்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் ஒரு ஜாக்கியைக்கூட அடியில் வைக்க விடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் இருப்பது 1970களில் அரசு கட்டிய அடுக்குமாடி. இடித்துப் புதுசு கட்டித் தருகிறோம் என்கிறார்கள். இதையே சரி செய்து தர முடியாதா? ரெண்டு வருஷம் வாடகை வீட்டில் யார் போய் இருப்பது? – வாசகி, வட சென்னை

இந்தக் கேள்விக்குத்தான் ரொம்ப யோசித்தேன். பிரான்சில் போர்தோ நகரத்தில், 1960களில் கட்டிய மூன்று அடுக்குமாடித் தொகுதிகள், 530 வீடுகள். லக்கதோன்-வாசால் என்கிற கட்டடக்கலைஞர்களின் குழு அந்தக் கட்டடங்களை இடிக்காமல், வெளிப்பக்கம் புதுசாக ஒரு சட்டகம் நிறுத்தி, ஒவ்வொரு வீட்டுக்கும் பெரிய கண்ணாடி வராந்தா ஒன்றை ஒட்டிக்கொடுத்தார்கள். ஜனங்கள் உள்ளேயே குடியிருந்தார்கள். அந்த வேலைக்கு 2019ல் ஐரோப்பாவின் பெரிய விருது கிடைத்தது, 2021ல் அந்த இருவருக்கும் கட்டடக்கலையின் உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் பரிசும் வந்தது. இதைக் காட்டி, பார் அங்கே முடிந்ததே என்று உங்களுக்கு எழுதிவிட எனக்கும் ஆசைதான்.

ஆனால் அங்கே கான்கிரீட் நல்ல நிலையில் இருந்தது. கடலோரச் சென்னையில் உப்புக் காற்றும் கசிவும் பட்டு, உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, மேல் பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருந்தால், வராந்தா ஒட்ட அங்கே எதுவும் மிச்சமிருக்காது. கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், டெஸ்ட் எடுத்தார்களா என்று கேளுங்கள். கான்கிரீட்டில் துளை போட்டு ஃபினால்ஃப்தலீன் என்ற திரவத்தைத் தெளித்தால், நல்ல கான்கிரீட் பன்னீர் ரோஜா நிறத்துக்கு மாறும். மாறாமல் அப்படியே இருந்தால் கம்பிக்கான பாதுகாப்பு அந்த ஆழம் வரை போய்விட்டது என்று அர்த்தம். உப்பின் அளவை அது காட்டாது, அதற்குத் தனி டெஸ்ட். இந்த அறிக்கையைக் குடியிருப்போர் சங்கத்தின் பேரில் கேட்டு வாங்குங்கள். பத்து பிளாக்கில் நாலு நன்றாக இருந்தால், அந்த நாலை ஏன் இடிக்க வேண்டும் என்று கேட்க உங்களிடம் ஒரு காகிதமாவது இருக்கும்.

இடிப்பதுதான் முடிவு என்றாலும் ஒன்று உண்டு. ஐம்பது வருஷத்தில் நீங்கள் சொந்தக் காசில் போட்ட கிரில், கதவு, சமையல் மேடைக் கல், இரும்பு ஏணி, தண்ணீர் டேங்க், இதெல்லாம் உங்களுடையது. சாவி கொடுக்கும் தேதிக்கும் இடிக்கும் தேதிக்கும் நடுவில் அவற்றைப் பெயர்த்தெடுக்க நாளும், புது வீடு வரும் வரை போட்டு வைக்க ஒரு கூரையும் கேளுங்கள். வாடகைப் படி பற்றி எல்லாரும் பேசுவார்கள், இதை யாரும் பேச மாட்டார்கள். கிரில்லைத் தூக்கிக்கொண்டு வாடகை வீட்டுக்குப் போக முடியாது என்பதால்தான் அது எடைக்குப் போகிறது.

கேள்வி: சிங்கப்பூரில் கட்டட இடிபாடு கிட்டத்தட்ட 99 சதவீதம் மறுசுழற்சி ஆகிறது. நம் ஊரில் ஏன் முடியவில்லை? – வாசகர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

உங்களுக்குக் கொட்ட இடம் இல்லை. 1999லிருந்து இருப்பது ஒரே செமகாவ் தீவு, அதுவும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். எங்களுக்கு இன்னும் ஏரி இருக்கிறது.

அந்த 99லும் பெரும்பகுதி அரைத்து ஜல்லியாகப் போவதுதான். நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு தேக்கு நிலை நிலையாகவே இன்னொரு வீட்டுக்குப் போவதும், ஒரு தூண் ஜல்லியாகி ரோட்டுக்கு அடியில் போவதும் கணக்கில் ஒன்றாக விழுகின்றன. எங்கள் பழைய மரக்கடைக்காரர் செய்கிற முதல் வேலை எந்தச் சதவீதத்திலும் வராது.

கேள்வி: நகரத் திட்டமிடல் முதுகலை படிக்கிறேன். சர்க்குலர் எகானமியில், அதாவது பொருளைத் தூக்கிப் போடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிற முறையில், கடைசி வருட புராஜெக்ட். ஆம்ஸ்டர்டாம் பற்றிச் செய்யலாமா? – மாணவி, சென்னை

ஆம்ஸ்டர்டாம் 2020ல் போட்ட திட்டத்தைப் படி அம்மா, புதுக் கச்சாப்பொருளின் பயன்பாட்டை 2030க்குள் பாதியாக்குவது, 2050க்குள் முழுச் சுழற்சி என்று எழுதியிருக்கிறார்கள், அழகான ஆவணம். ஆனால் நீ இங்கிருந்துகொண்டு அதைப் பற்றி எழுதினால் இன்டர்நெட்டில் இருப்பதைத்தான் திரும்ப எழுதுவாய்.

அதற்குப் பதில் ஒரு வார்டை எடுத்துக்கொள். ஒரு மாதம் தினமும் காலையில் சைக்கிளில் சுற்று. எத்தனை வீடு இடிபடுகிறது, எத்தனை நாளில் இடிபடுகிறது, எந்த லாரி எதை ஏற்றிக்கொண்டு எங்கே போகிறது என்று எழுது. மரம் ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம், ரப்பிஷ் ஒரு பக்கம் போகும். மரம் போகும் இடத்துக்கு நீயும் போ. வாடகைக்கு எடுத்த காலி மனையில் நிலையும் கதவும் வெயிலில் சாய்த்து வைத்திருப்பார்கள், ஒரு பெரியவர் கீழே குத்தவைத்து உட்கார்ந்து சட்டத்திலிருந்து ஆணியைப் பிடுங்கி, நிமிர்த்தி, டப்பாவில் போட்டுக்கொண்டிருப்பார். அந்த மனைக்கு எத்தனை வருஷம் ஒப்பந்தம் என்று அவரிடம் கேள். இருக்காது. மனையில் வீடு எழும்பும்போது கடை இன்னும் ரெண்டு கிலோமீட்டர் தள்ளிப் போகும், நான் பார்த்த ஒரு கடை முப்பது வருஷத்தில் நாலு தடவை இடம் மாறிவிட்டது.

திட்டமிடுகிறவர்களின் வேலை இங்கேதான் வருகிறது. இடிக்கிற நாளும் கட்டுகிற நாளும் ஒன்றாக அமைவதே இல்லை, நடுவில் ஆறு மாதமோ ரெண்டு வருஷமோ அந்தச் சாமான் எங்கேயாவது மழையில் நனையாமல் கிடக்க வேண்டும். காய்கறிக்குக் கோயம்பேடு ஒதுக்கிய ஊர் இது. பழைய கதவுக்கு மாஸ்டர் பிளானில் ஒரு ஏக்கர் ஒதுக்கியதாக எனக்கு நினைவில்லை. இடிப்பதற்கு அனுமதி கேட்கும்போதே உள்ளே என்ன மரம், எத்தனை நிலை, என்ன கல் என்று ஒரு பக்கப் படிவம் வாங்கினால் என்ன ஆகும், அந்தப் படிவம் எப்படி இருக்க வேண்டும், உன் வார்டில் அதை வைத்து எத்தனை டன் தப்பியிருக்கும் – இதைக் கணக்குப் போட்டுக் காட்டு. அதுவே போதும் ஒரு புராஜெக்ட்டுக்கு.

ஒரு தடவை சண்டிகரும் போய்விட்டு வா. புது நகரம் கட்டுவதற்காக இடித்த கிராமங்களின் உடைந்த ஓடு, பீங்கான், கம்பி, வளையல் எல்லாவற்றையும் நேக் சந்த் என்ற ரோடு இன்ஸ்பெக்டர் 1957லிருந்து காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் சேர்த்துச் சிலைகளாக்கிக்கொண்டிருந்தார். 1975ல்தான் அரசுக்குத் தெரியவந்தது. அனுமதியில்லாத கட்டுமானம், இடித்திருக்க வேண்டியது. நல்லவேளையாக இடிக்காமல் மறு வருஷமே மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

கேள்வி: போன இதழ் படித்துவிட்டுப் பழைய கதவு ஒன்று வாங்கிவிட்டேன். ஆறேழு கோட்டிங் பெயின்ட் இருக்கிறது. மெஷின் வைத்துத் தேய்க்கட்டுமா? – வாசகர், கோயம்புத்தூர்

நிறுத்துங்கள்! அந்தப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது, உங்கள் கதவு அதற்கு ரொம்ப முந்தியது. காய்ந்த நிலையில் மெஷின் போட்டால் அந்தப் பொடி வீடு முழுக்கப் பறக்கும், குழந்தைகள் இருக்கும் வீடென்றால் கேட்கவே வேண்டாம். பெயின்ட் ரிமூவர் தடவி, ஊறவிட்டு, வெளியில் வைத்து ஈரமாகவே சுரண்டுங்கள். கீழே பழைய பாலித்தீன் ஷீட் விரியுங்கள், சுரண்டியதை அதிலேயே சுருட்டிக் கட்டுங்கள், செடிக்கடியில் கொட்டாதீர்கள். துணி கட்டினால் போதாது, என்95 மாஸ்க். கடைசிக் கோட்டிங்குக்குக் கீழே பச்சை வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள், சில பேர் அந்தப் பச்சையோடேயே வைத்துக்கொள்கிறார்கள்.